அட்டெண்டரை அப்புறம் கூப்பிடுங்கள்

கடலூர், புதுச்சேரி மருத்துவமனைகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் மஞ்சக்குப்பத்துக்காரன். ஆறு மாதமாக அம்மாவை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்வருகிறேன். குறை சொல்லத்தான் எழுதுகிறேன். அதில் பாதி என்னுடைய குறை.

முதல் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க" என்றார். அம்மா வெளியே பெஞ்சில். மார்பகப் புற்றுநோய் என்று என்னிடம் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. "அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டாங்க." அவரும் சரி என்று தலையாட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மாவிடம் 'கட்டி' என்றோம், அவ்வளவுதான்.

அம்மா இருபது வருஷம் சீட்டு பிடித்தவர். பத்திரத்தில் ஒரு வரி புரியாவிட்டாலும் பேனாவைத் தொடமாட்டார். ஆபரேஷன் அன்று காலை, பச்சை கவுன் மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த பிறகு, அவரிடம் ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். சிஸ்டர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவருடைய கண்ணாடி அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

சமீரா கோலி வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள். மகள் மயக்கத்தில் இருக்க, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அவர் கண்விழித்த பிறகு அவரிடமே கேட்டிருக்கலாம். என்ன சிகிச்சை, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பெற்ற தாய்க்கே அந்த உரிமை இல்லையென்றால் மகன் எந்த மூலைக்கு?

நேரமில்லை என்பீர்கள். ஓ.பி. வரிசையில் விடியற்காலையிலிருந்து நின்றவன், நம்புகிறேன். ஆனால் எனக்குக் கொடுத்த அந்த இரண்டு நிமிடத்தை அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாமே. "உங்க ரிப்போர்ட்டைப் பத்தி உங்ககிட்ட சொல்லட்டுமா, பையன்கிட்ட சொல்லட்டுமா?" என்று ஒரு கேள்வி போதும். பையனிடமே சொல்லுங்கள் என்பவர்களும் உண்டு. அதையும் அவர்கள் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தைத் தமிழில் அச்சடித்து முந்தின நாளே கையில் கொடுங்கள், ராத்திரி படித்துப் பார்க்கட்டும்.

கடைசியில் அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னது, கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் தமிழில் எழுதியிருந்த பலகை. திரும்பும்போது பஸ் அரியாங்குப்பம் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம், "எல்லாருமா சேந்து என்னைச் சின்னப் புள்ளையாக்கிட்டீங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி வருகிறோம். பழைய சீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு கேள்வி எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடியும் அவரிடமே இருக்கும். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். அவர் கூப்பிடச் சொன்னால் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அட்டெண்டர்