வடம் பிடிப்பவர் தெரிகிறார், கட்டை போடுபவர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர், சித்திரையில் மதுரை மாசி வீதிகளில் மீனாட்சி சுந்தரேசுவரர், ஆனியில் திருநெல்வேலி நெல்லையப்பர், ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் என்று ஆண்டுதோறும் உங்கள் இதழில் தேரோட்டப் படங்கள் வருகின்றன. மொட்டை மாடியிலிருந்தோ டிரோனிலோ எடுத்த படம், தலைகளுக்கு நடுவே அசைந்து வரும் தேர். செய்தியிலும் மாற்றம் இருக்காது: எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள், எந்த அமைச்சர் வடம் தொட்டார், எத்தனை மணிக்குத் தேர் நிலைக்கு வந்தது. இவ்வளவு எழுதுகிறவர்கள், அந்தத் தேரை உண்மையில் ஓட்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. கட்டை போடுபவர்களைத்தான் சொல்கிறேன்.

வடம் பிடித்தால் தேர் நகரும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வடத்தின் கையில் இல்லை. நம் பெரிய தேர்களுக்குத் திருப்புவதற்கென்று எந்தப் பொறியும் கிடையாது. அச்சு அசையாது, சக்கரம் நேராக மட்டுமே உருளும். முழு அலங்காரத்தில் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உள்ள ஆழித்தேர் வீதியின் சரிவில் இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தால், அதை நடுவுக்குக் கொண்டுவருவது ஒரு மரத்துண்டு. வைரம் பாய்ந்த மரத்தில் ஆப்பு மாதிரிச் செதுக்கிய முட்டுக்கட்டையை ஒருவர் வலப்பக்க முன் சக்கரத்தின் அடியில் செருகுகிறார். அந்தச் சக்கரம் கட்டையில் உரசித் தயங்குகிறது, மற்றச் சக்கரம் தயங்காமல் வருகிறது, தேர் வலப்பக்கம் திரும்புகிறது. கொஞ்சம் முன்னால் வைத்தால் சக்கரம் கட்டையைத் தள்ளிக்கொண்டே போகும். கோணம் பிசகினால் கட்டை தெறிக்கும். உரிய நேரத்தில் கையை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

இதையெல்லாம் அவர் செய்வது உருண்டுகொண்டிருக்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, பின்னோக்கி நடந்தபடி. தேருக்கு முன்னே நீண்டு கிடக்கும் வடத்தில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. அவர்கள் எப்போது இழுப்பார்கள், எப்போது விடுவார்கள் என்பது அவருக்கும் தெரியாது. நடுவில் விசில், கொடி, தேர்த்தட்டிலிருந்து துண்டு வீசுபவர் என்று ஒரு சைகை ஏற்பாடு உண்டு. ஒலிபெருக்கியும் வெடியும் செல்ஃபிக் கூட்டமும் சேர்ந்து அந்த ஏற்பாட்டைத்தான் இப்போது பாழாக்குகின்றன. ஒருபக்கம் விசில் ஊத, மறுபக்கம் மைக்கில் உபயதாரர் பெயர்ப் பட்டியல் வாசிக்கிறார்கள். உபயதாரர் வாழ்க, ஆனால் தேர் நகரும் நேரத்திலாவது மைக்கை அணைத்து வைக்கக் கூடாதா?

வீதி முனையில் திரும்புவது தனி வித்தை. இரண்டு வீதிகள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் இவ்வளவு பெரிய தேரை வெறும் கட்டையால் வளைத்துவிட முடியாது. திருவாரூரில் சக்கரங்களுக்கு அடியில் இரும்புப் பலகைகளைப் போட்டு, வழுக்குவதற்கு மசை தடவி, வடத்தை அடுத்த வீதிப் பக்கம் கொண்டுபோய் இழுப்பார்கள். தேர் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே திரும்பும். திருநெல்வேலியில் பார்க்க வேண்டியது தடி போடுவது. பின் சக்கரத்துக்கு அடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து, அதன் மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதித்து நெம்ப, நின்ற தேர் ஒரு குலுக்கலோடு கிளம்பும். இந்த வேலைக்கு ஆள் எடை மட்டும் போதாது, எல்லாரும் ஒரே நொடியில் மிதிக்க வேண்டும்.

“அதான் பிரேக் வந்துவிட்டதே” என்று சிலர் சொல்வார்கள். வந்தது நல்லது. திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகு பெரிய தேர்களில் பயம் பாதி குறைந்துவிட்டது. நானும் அதை வரவேற்றவன்தான். பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுவதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன், ஊர் கூடி இழுத்த காலத்துக் கூட்டம் இப்போது கைபேசியோடு ஓரத்தில் நிற்கிறது. ஆனால் பிரேக் தேரை நிறுத்தும், புல்டோசர் தேரைத் தள்ளும். திருப்புவதற்கு இன்றும் கட்டையும் அதைப் பிடிக்கும் கையும்தான்.

இந்தக் கைகள் எப்படிப் பழகுகின்றன? பூரியைப் பாருங்கள். அங்கே ஜெகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் ஆண்டுதோறும் புதுத் தேர் செய்கிறார்கள். அதனால் தச்சு வேலை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, மகன் அப்பாவின் பக்கத்தில் நின்றே கற்றுக்கொள்கிறான். நம் வழக்கம் வேறு. ஒரு தேர் செய்தால் இரண்டு மூன்று தலைமுறை ஓடும். இன்றைய ஆழித்தேர், பழையது தீயில் எரிந்த பிறகு 1930-ல் செய்த தேர். இடையில் எத்தனையோ பழுது பார்த்திருக்கிறார்கள், அது வேறு. ஆகவே நம்மிடம் ஆண்டுதோறும் பழக வாய்ப்புள்ள கலை தேர் செய்வதல்ல, தேர் ஓட்டுவதுதான். தேர் நின்றால் அந்தக் கலையும் நின்றுவிடும்.

தேர்கள் நின்றிருக்கின்றன, அதுவும் நீண்ட காலம். 1948-க்குப் பிறகு ஆழித்தேர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடவில்லை, 1970-ல்தான் மறுபடி ஓடியது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீசுவரர் தேர், யார் வடம் பிடிக்கலாம் என்ற தகராறில் சிக்கி, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், நீண்ட காலம் நின்றுகிடந்து, 2024 ஆனியில்தான் காவல்துறைப் பாதுகாப்போடு ஓடியது. வடம் எல்லாருக்கும் பொது என்பதில் இன்னும் நாம் வாதாடிக்கொண்டிருப்பது வெட்கக்கேடு, அதைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. அப்புறம் 2020, 2021 கொரோனா ஆண்டுகள். பெரும்பாலான ஊர்களில் தேர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. இத்தகைய இடைவெளிகளில் வயதானவர்கள் ஓய்ந்துவிடுகிறார்கள், இளையவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். தேரைப் பழுது பார்க்க ஸ்தபதியை அழைக்கலாம், சக்கரத்துக்குப் பொறியாளரை அழைக்கலாம். கட்டை போடத் தெரிந்தவருக்கு எங்கே விளம்பரம் கொடுப்பது?

அதே 2024 ஆனியில் நெல்லையப்பர் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்தது. உடனே ஊரெல்லாம் சகுனப் பேச்சு. கயிறு என்றால் நைந்து போகும், அதற்கும் ஆயுள் உண்டு. எப்போது மாற்ற வேண்டும், எத்தனை உபரி வடம் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் தேரோடு கூடவே நடந்தவர்களுக்குத் தெரியும். திருவிழா ஆலோசனைக் கூட்டங்களில் மின்வாரியம், தீயணைப்பு, காவல், நகராட்சி என்று எல்லாருக்கும் நாற்காலி போடுகிறார்கள். கட்டை போடும் குழுவின் மூத்தவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவரிடம் கேட்டால் முதலில் வீதியைப் பற்றித்தான் பேசுவார். சுரண்டி எடுக்காமல் தார் மேல் தார் போட்டு ரத வீதிகளின் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, மேலே கம்பிகளுக்கும் தேருக்கும் இடையிலான இடைவெளி குறைகிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சை அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாச் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. சாலையை உயர்த்திப் போட்டதும் ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. அதன் பிறகு கொஞ்ச காலம் எல்லா ஊரிலும் அளவு எடுத்தார்கள். சரி, அந்த அளவுகளை ஒவ்வொரு ஆண்டும் சரிபார்க்கிறார்களா? பாதாளச் சாக்கடை மூடிகள், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்கள் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர்களுக்கு இது ஒரு சின்னக் குலுக்கல், கீழே கட்டையோடு குனிந்திருப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்று, பிரமுகர்கள். நல்ல நேரம் அதிகாலை என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு, வருகிறவர் வரும்வரை தேரை நிறுத்தி வைக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் தார் இளகி இரும்புச் சக்கரம் பதிய ஆரம்பிக்கும், இழுப்பவர்கள் களைத்துவிடுவார்கள், கட்டை சரியாக நிற்காது. சுவாமிக்குக் குறித்த நேரத்தை மாற்ற எந்தப் பிரமுகருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

இந்து சமய அறநிலையத் துறை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செலவும் அதிகம் ஆகாது. தேரோடும் ஒவ்வொரு பெரிய கோயிலிலும் கட்டை போடும் குழுவின் வேலையை, எந்த முனையில் எத்தனை கட்டை, எந்தக் கோணம், என்ன சைகை என்பது வரை வீடியோவில் பதிவு செய்யலாம். வெள்ளோட்டத்தின்போது இளைஞர்களை மூத்தவர்களோடு நிறுத்திப் பழக்கலாம். விழா நாள்களுக்கு விபத்துக் காப்பீடு எடுக்கலாம். வேட்டி துண்டும் பிரசாதமும் மரியாதைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் விரல் போனால் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாள் கூலியும் கௌரவமான தொகையாக இருக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. அடுத்த பங்குனியில் திருவாரூருக்கு வரும் உங்கள் புகைப்படக்காரரை மாடியிலிருந்து இறங்கச் சொல்லுங்கள். தேர் முனையில் திரும்பும்போது, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத தூரத்தில் நின்று சக்கரத்தின் பக்கம் கேமராவைத் திருப்பட்டும். வடம் தொட்டவர்களின் பெயர்களோடு, கட்டை போட்டவர்களின் பெயர்களையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருவாரூர்.