வேலையிடத்தில் குணத்துக்கு நிற அட்டையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகன் புதிதாகச் சேர்ந்த நிறுவனத்தில் குணத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்து, 'நீ நீல நிறக்காரன்' என்று அட்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள். 'குழுவில் முதலில் பேசுவீர்களா?' என்பது அதில் ஒரு கேள்வி. யார் முன்னால்? மேலதிகாரியிடம் வாய் திறக்காதவன், புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் யாரையும் பேசவிடமாட்டான். சரி, முதலாளி படிக்கப்போகிற தாளில் 'எனக்குச் சட்டென்று கோபம் வரும்' என்று யார்தான் எழுதுவார்?

பக்கத்தில் இருப்பவர்களைப் பொறுத்து ஆள் மாறுவது புதிதல்ல. 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். கூட இருந்தவர்கள் முன்பே சொல்லிவைத்தபடி தவறாகச் சொல்ல, சோதிக்கப்பட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். கால்வாசிப் பேர் கடைசிவரை அசையவில்லை. எல்லாரும் முதல் கூட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்த இரண்டாவது கூட்டம்தான் சுவாரசியம்.

ஆளுக்கு ஆள் குணம் வேறுபடத்தான் செய்கிறது; அதனால் அதை அளக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும், குணத்தை ஐந்து பண்புகளாகப் பார்க்கும் 'ஐம்பெரும் பண்புகள்' முறையில் ஒவ்வொரு பண்பும் ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். பெரும்பாலோர் நடுவில்தான் நிற்பார்கள். நிறம் பிரித்து வேலை கொடுக்கும் முன், அதே கேள்விகளைச் சில மாதம் கழித்து மறுபடி கொடுத்து, அதே நிறம் வருகிறதா என்று நிறுவனங்கள் பார்க்கட்டும்.

வாசகி, ஈசூன்