வளாகத்தில் சைக்கிள் ஓட்டுவோர் கவனத்திற்கு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கல்லூரி வளாகத்திற்குள் வண்டிகள் மெதுவாகத்தான் செல்கின்றன என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆனால் வகுப்பு விட்டதும் நடப்பவர்களும் வண்டிகளும் ஒரே பாதையில் நெருக்கியடிக்கும் வேளையில் மிகுந்த கவனம் தேவை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு வினாடியில் ஐந்தரை மீட்டரைக் கடந்துவிடும் என்பதால், கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதற்குள் முன்னால் ஒருவர் குறுக்கே வந்திருக்கலாம்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரேக் பிடியை அழுத்தும்போது அது ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால், கம்பி தளர்ந்திருக்கிறது அல்லது கட்டை தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்க வேண்டாம். வேகத்தைக் குறைப்பதில் முன் பிரேக்குக்கே பெரும்பங்கு உண்டு என்றாலும், அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் பின்சக்கரம் தூக்கி ஆளைக் கவிழ்த்துவிடக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்துச் சீராக அழுத்துங்கள். மழையில் ரிம் நனைந்திருந்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும், ஈரச் சருகும் வழுக்கும்.

தலைக்கவசத்தின் விளிம்பு புருவத்திற்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். பின்னால் சரித்துப் போடுவது அழகுக்கு உதவலாம், நெற்றிக்கு உதவாது. இருட்டியபின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியட்டும். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திடீரெனத் திறக்கலாம் என்பதால் ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளியே செல்லுங்கள். பிரேக்கைச் சோதிக்கத் தெரியாதவர்கள் தயங்காமல் குழுவில் கேட்கலாம்.