ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இந்த ஜனவரியில் என் சிறுகதை ஒன்று அச்சில் வந்திருக்கிறது. இதற்கு முன் என் கதை வெளியானது 2004-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கடிதமும் விண்ணப்பமும் தவிர நான் எதுவும் எழுதவில்லை. இதழ் கைக்கு வந்த அன்றே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உங்களில் பலருக்கு நீங்கள் எனக்குச் செய்தது உதவி என்பதே தெரியாது. ஆகவேதான் ஊரறிய எழுதுகிறேன்.

ஏன் எழுதுவதில்லை என்று யாராவது கேட்டால் அஞ்சலக வேலை, இரண்டு பிள்ளைகள், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியார் என்று அடுக்குவேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு காரணம் உண்டு. என் கடைசிக் கதையில் வரும் பெரியவர் தாம்தான் என்று உறவினர் ஒருவர் முடிவுகட்டி, ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டார். இலையில் சோறு அப்படியே இருக்க எழுந்து வந்தேன். அதன்பிறகு பேனாவை எடுத்தாலே அந்தப் பந்தி கண்முன் வந்துவிடும்.

முதல் நன்றி, மாதம் தவறாமல் என் கவுன்டருக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு. அவர் நீட்டும் பழுப்பு உறைக்குள் இன்னோர் உறை இருப்பது எடை போடும்போதே விரலுக்குத் தெரியும். சுயமுகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை. பத்திரிகைக்குக் கதை அனுப்பியவர்களுக்கு அந்தக் கனம் மறக்காது. ஒருநாள் என்னையும் அறியாமல், "கதையா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். "உனக்கு எப்படியம்மா தெரியும்?" என்றார். நானும் முன்பு எழுதியவள் என்றேன். ஏன் நிறுத்தினாய் என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அடுத்த மாதம் கதையின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் வரும் மருமகள் பேசுவது தமக்குச் சரியாகப் படவில்லை, படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அன்றிரவு அந்த மருமகள் எப்படிப் பேசுவாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். வாங்கிக்கொண்டு போனவர், அடுத்த முறை வந்தபோது அந்தத் தாளைத் திருப்பித் தந்தார். "இது என் கதைக்கு ஆகாதம்மா. இது உன் கதையின் முதல் பக்கம்."

இரண்டாம் பக்கத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது? அதைக் கொடுத்தது எங்கள் பாசஞ்சர் ரயில். 2012-இல் அகலப்பாதையான பிறகு இந்தத் தடத்தில் ரயில் மறுபடி வந்தது. அம்பாசமுத்திரத்தில் ஏறி திருநெல்வேலியில் இறங்குகிறவள் நான். தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டியதும் கல்லிடைக்குறிச்சி, பிறகு வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி. ஓடும்போது எழுதினால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அதனால் ஓடும்போது யோசிப்பது, நிற்கும்போது எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு வரி வந்தால் அன்று நல்ல நாள். எதிர்ரயிலுக்காக நிறுத்திப்போட்டால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு முழுப் பத்தி கிடைத்துவிடும்.

அந்தப் பெட்டியில் தினமும் வரும் பெண்களே, நான் ஏதோ அலுவலகக் கணக்கு எழுதுகிறேன் என்று முதலில் நினைத்தீர்கள். கதை என்று தெரிந்ததும் ஜன்னலோர இருக்கையை எனக்கென்று ஒதுக்கினீர்கள். பூக்கட்டிக்கொண்டே பேசும் அக்கா, என் பக்கம் திரும்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டதைக் கவனித்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் ஏறும் ஆச்சி இல்லையென்றால் இந்தக் கதையே பிழையாகியிருக்கும். அப்பளம் இடும் பெண்ணைப் பற்றி எழுதிவிட்டு, உச்சி வெயிலில் அப்பளத்தைக் காயப்போட்டிருந்தேன். ஆச்சி கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "அப்படிப் போட்டால் விறைத்து ஓரம் விரிந்துபோகும், நிழலில் உலர்த்தச் சொல்" என்றார். உளுந்து மாவை நீளமாக உருட்டி நூலால் அறுப்பதைத் தம் முந்தானை ஓரத்தை வைத்துக் காட்டினார். அந்தக் கைவாகுதான் என் கதையின் நடுப்பகுதி.

மதினி, நீங்கள் செய்ததைச் சொல்ல எனக்கு ஒரு கடிதம் போதாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, "நீ போய் எழுதிவிட்டு வா" என்று என்னை வெளியே அனுப்பினீர்கள். பந்தியில் நடந்த அன்று நீங்களும் அங்கே இருந்தீர்கள். அதைப் பற்றி நாம் இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டியதும் இல்லை.

அப்படி வெளியே வந்து நான் போன இடம் எங்கள் கிளை நூலகம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக இத்தனை காலம் கட்டியிருக்கிறேன், உள்ளே போனதில்லை. நாளிதழ் மேசைக்கு அப்பால், மின்விசிறிக்குக் கீழே ஓரிடத்தைக் காட்டிய நூலகருக்கு என் வணக்கம். கையெழுத்துப் படியைக் கைபேசியில் தட்டச்சு செய்து கொடுத்தவள் என் மகள். "இந்த வரி புரியவில்லை அம்மா" என்று ஏழு இடங்களில் குறித்தாள். ஏழில் ஐந்து அவள் சொன்னதுதான் சரி.

2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணையும் என்று அறிவிப்பு வந்திருந்ததால் அன்று கவுன்டரில் கூட்டம். ஐயா வழக்கமான உறையோடு வரிசையில் நின்றார். முறை வந்ததும் என் கைப்பையிலிருந்து என் உறையை எடுத்து அவர் உறைக்குப் பக்கத்தில் வைத்தேன். பேசாமல் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முதலில் உன்னுடையதை எடை போடு" என்றார். அடுத்தடுத்த எண்களில் இரண்டும் பதிவாயின. அந்த ரசீதை இதழுக்குள் வைத்திருக்கிறேன்.

2004-இல் சன்மானம் எழுபத்தைந்து ரூபாய் மணியார்டரில் வந்தது. இம்முறை வங்கிக் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கும் சந்தோஷம் அதில் இல்லை. ஆனாலும் அந்தப் பணத்தில் ரயில் தோழிகள் எல்லோருக்கும் அல்வா வாங்கினேன்.

ஐயா, உங்கள் கதைக்கு இன்னும் பதில் வரவில்லை என்று அறிவேன். அந்த மருமகளுக்காக இன்னும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இம்முறை அவள் உங்கள் கதைக்குள் இருந்துகொண்டே பேசுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் அஞ்சலக ஊழியர்