சரவணனுக்கு, உன் ரெஸ்யூம் விஷயமாக

அன்புள்ள சரவணா,

அம்மா எழுதுவது. தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை நான் போட்டால் பேசாமல் இருக்கிறார். அப்பா போட வந்தால் கண்ணையே திறப்பதில்லை. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

இங்கிலீஷ் சரிபார்க்கச் சொல்லி நீ அக்காவுக்கு அனுப்பிய ரெஸ்யூம் எனக்கும் வந்தது. அவளைத் திட்டாதே. ஹெச்.ஆர். வேலையிலேயே காலம் தள்ளியவளை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் வேறு யாரிடம் காட்டுவாள்? போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ரெஸ்யூமில் உன் பதவியை 'டெஸ்ட் லீட்', அதாவது டெஸ்டிங் டீமுக்குத் தலைவர், என்று போட்டிருக்கிறாய். போன வருஷ இன்கிரிமென்ட் லெட்டரை நீதான் எனக்கு அனுப்பினாய். அதில் 'சீனியர் டெஸ்ட் இன்ஜினியர்' என்றுதான் இருக்கிறது. உங்கள் லீட் பிரசவ விடுப்பில் போன 26 வாரமும் 6 பேரை வைத்துக்கொண்டு நீதான் வேலையை ஓட்டினாய், தெரியும். பெரியம்மாவிடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ஆனாலும் பதவி எழுதும் வரியில் லெட்டரில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறாய். ஆஃபர் கையில் வந்ததும் பி.ஜி.வி. ஏஜென்சியிலிருந்து, அதாவது நீ சொன்னதெல்லாம் நிஜமா என்று விசாரிக்கிறவர்களிடமிருந்து, ஒரு லிங்க் வரும். பழைய கம்பெனி, எம்ப்ளாயி நம்பர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம், எல்லாம் நீயே நிரப்ப வேண்டும். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதப் பேஸ்லிப், ஃபார்ம் 16 கேட்பார்கள். உன் ரெஸ்யூமையும் பெரும்பாலும் அதே ஃபைலில் சேர்த்துவிடுவார்கள். பிறகு பழைய கம்பெனி ஹெச்.ஆருக்கு மெயில் போகும். அங்கே பதில் போடுகிறவருக்கு உன்னை யாரென்றே தெரியாது. சிஸ்டத்தில் உன் நம்பரை அடித்து, அதில் இருப்பதை அப்படியே டைப் செய்வார். ரிப்போர்ட்டில் இரண்டு பத்தி இருக்கும்: வேட்பாளர் சொன்னது, நிறுவனம் உறுதி செய்தது. உன் மேனேஜர் தங்கமான மனுஷன்தான். ஆனால் அந்த இரண்டாவது பத்தியில் அவர் கை வைக்க முடியாது. அவரை ரெஃபரன்ஸாகக் கொடுத்தாலும் ஆபீஸ் மெயில் ஐடியிலிருந்துதான் பதில் வர வேண்டும் என்பார்கள்.

இரண்டு பத்தியும் பொருந்தினால் பச்சை. தேதி நாலு நாள் தள்ளியிருந்தால் மஞ்சள், விளக்கம் கேட்டு விட்டுவிடுவார்கள். பதவியை ஒரு படி ஏற்றிச் சொன்னதை மஞ்சளில் போடுவதா சிவப்பில் போடுவதா என்பது அந்தந்தக் கம்பெனியின் முடிவு. இன்ஜினியரை லீட் ஆக்கினால் ஆள் மேய்த்த அனுபவம், அதற்கான சம்பளம் எல்லாம் கூடவே வருகிறதே, அதனால் சிவப்பு விழத்தான் வாய்ப்பு அதிகம்.

இதில் விவகாரமே ரிப்போர்ட் எப்போது வருகிறது என்பதுதான். பல இடங்களில் நீ சேர்ந்து ஒன்றிரண்டு மாதம் ஆன பிறகுதான் வரும். கையில் இருந்த மற்ற ஆஃபர்களை அதற்குள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். கொடுத்த தகவல் தவறென்று தெரிந்தால் நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஒரு வரி இருக்கும், நீயும் கையெழுத்துப் போட்டிருப்பாய். வெளியே அனுப்பிவிட்டால் அதோடு முடியாது. பி.எஃப். பிடித்திருப்பார்கள், யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர்) சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்த இரண்டு மாதக் கம்பெனி நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். அடுத்த இடத்தில் அதற்கு என்ன சொல்வாய்? மறைத்தால் இரண்டாவது பொய். சொன்னால் முதல் பொய்யைச் சொல்ல வேண்டும்.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. 2012-இல் யாஹூவுக்குத் தலைமை அதிகாரியாக வந்த ஸ்காட் தாம்சன் வாங்கியது கணக்கியல் பட்டம். அவரைப் பற்றிய குறிப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜனவரியில் சேர்ந்தவர் மே மாதம் வெளியே.

ரெஸ்யூமில் லீட் என்று போட்டுவிட்டு ஏஜென்சி ஃபாரத்தில் மட்டும் சரியாக எழுதினால் போதும் என்று உன் ரூம்மேட் யாராவது யோசனை சொல்லியிருப்பான். அது எல்லாவற்றையும்விட மோசம். ஒரே ஃபைலில் இரண்டு பதவி, இரண்டும் நீ சொன்னது. நௌக்ரி வேலை தேடும் தளத்தில் நீ முன்னால் ஏற்றிய ரெஸ்யூமை எத்தனை கன்சல்டன்சிக்காரர்கள் இறக்கி வைத்திருப்பார்களோ, அதில் பழைய பதவிதான் இருக்கும். லெட்டரையே எடிட் பண்ணித் தருகிறேன் என்கிறவன் பக்கமே போகாதே. பி.டி.எஃப்.பில் ஒரு வார்த்தையை மாற்றினாலும் அது போலி ஆவணம், போலீஸ் கேஸ்.

சரி, எப்படி எழுதுவது? பதவி வரி: 'சீனியர் டெஸ்ட் இன்ஜினியர்'. அதற்குக் கீழே முதல் வரியாக: 'டெஸ்ட் லீட் விடுப்பில் இருந்த 26 வாரம் 6 பேர் குழுவின் பொறுப்பை ஏற்று நடத்தினேன், வேலைப் பங்கீடு, ரெக்ரஷன் (மறுசோதனை) திட்டம், ரிலீஸ் ஒப்புதல் என் கையில்.' நீ செய்ததை மட்டும் வை. இன்டர்வியூவில் அப்ரைசல் ரேட்டிங் யார் போட்டது, எஸ்டிமேட்டை யார் கொடுத்தது என்று கேட்பார்கள். ரேட்டிங் நீ போடவில்லை, மேனேஜர்தான் போட்டார் என்று தைரியமாகச் சொல். லீட் என்று எழுதியவன் அந்த இடத்தில் முழிப்பான். பொறுப்பு பார்த்தேன் என்று எழுதியவனுக்கு அது சாதாரணக் கேள்வி.

'அசோசியேட் 2' மாதிரி வெளியே யாருக்கும் புரியாத பதவியாக இருந்தால் முதலில் அதை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பார்த்த வேலையைப் போடலாம். அதில் தப்பில்லை. பேங்கில் பத்து வருஷம் போட்டவனெல்லாம் வைஸ் பிரசிடென்ட். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பதவிப் பேரில் மயங்குவதில்லை, கீழே எத்தனை பேர், கையில் என்ன பொறுப்பு என்றுதான் பார்ப்பார்கள். உன்னுடையது புரியாத பதவி இல்லை, அதனால் உனக்கு இந்த அடைப்புக்குறி வேலை வேண்டாம்.

அந்த 26 வாரத்துக்கு ஆதாரமாக மேனேஜரிடம் ஒரு மெயிலோ, லெட்டர்ஹெட்டில் நாலு வரியோ கேட்டு வாங்கு. நல்ல மனசு இருக்கும்போதே கேள், அவரும் கம்பெனி மாறிவிட்டால் கிடைக்காது. பழைய ஆபீஸ் மெயில்களை உன் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்திருந்தால் அதை யாரிடமும் காட்டாதே, அதுவே தனிக் குற்றமாகும்.

கனடா நினைப்பு இன்னும் இருக்கிறதா? அங்கே வேலைச் சான்றில் பதவி, செய்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் கேட்பார்கள். பொய்த் தகவல் என்று தீர்மானித்தால் 5 வருஷம் விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே பதவி வரியில் லெட்டரில் இருப்பதுதான். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே.

இன்னொன்று. ரெஸ்யூமில் கடைசி வேலை 'மார்ச் வரை' என்று இருக்கிறது. பார்த்தேன். டைப்பிங்கில் தப்பாக விழுந்திருந்தால் திருத்திக்கொள். தப்பு இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும், 'இன்றுவரை' என்று நீட்டிவிடாதே. பதவியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தேதியைப் பி.எஃப். கணக்கே சொல்லிவிடும். இடைவெளியைக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் காரணம் சொல்லி நிறுத்திக்கொள். ஆள் குறைப்பு என்றால் ஆள் குறைப்பு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல வேலைக்காரர்களையும் லிஸ்டில் சேர்க்கிறார்கள் என்பது ஹெச்.ஆரில் எல்லாருக்கும் தெரியும்.

பி.எஃப். போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரிக்குள் போய் விலகிய தேதி ஏறியிருக்கிறதா பார். ஏறாவிட்டால் பழைய கம்பெனியிலேயே நீ இன்னும் இருப்பதாகக் காட்டும், புதுக் கம்பெனியில் பணம் கட்டியதும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்த மாதிரி ஆகிவிடும். கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால் 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' போட்டு, ஆதார் ஓ.டி.பி. கொடுத்து நீயே ஏற்றலாம்.

திருத்திய ரெஸ்யூமை வேர்டு ஃபைலாக எனக்கு நேரடியாகவே அனுப்பு, அக்கா வழியாக வேண்டாம். கூடவே ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்ததா என்று ஒரு வரி எழுது. வராவிட்டால் யாருக்கு மெயில் போடுவது, யாரை சிசியில் வைப்பது என்று சொல்லித் தருகிறேன். ரூம் வாடகைக்கு ஏதாவது வேண்டுமென்றால் அப்பாவிடம் போகாதே, என்னிடம் கேள்.

அன்புடன்,
அம்மா