லாரன்ஸ் மில் கதையையும் எழுதியிருக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெரிக்காவுக்குக் குடிபோன ஐரோப்பாக்காரங்க பத்தி வந்த கட்டுரை படிச்சேன். எல்லிஸ் தீவு (குடியேற வந்தவங்களை எறக்கிச் சோதிச்ச நியூயார்க் தீவு) படமெல்லாம் போட்டு, கப்பல்ல வந்தாங்க, பாடுபட்டாங்க, முன்னுக்கு வந்துட்டாங்கன்னு முடிச்சிருந்தீங்க. படிக்க நல்லாதான் இருந்துச்சு, ஆனா எல்லாரும் ஏதோ ஒரே சாதிசனம் மாதிரி எழுதுனதுதான் எனக்கு ஒத்துக்கல. முதல்ல போனவங்க பின்னாடி வந்தவங்களை நல்லாவே மிதிச்சிருக்காங்க.

மாசசூசெட்ஸ்ல லாரன்ஸ்னு ஒரு மில் ஊர், மெரிமாக் ஆத்தங்கரையில இருக்கு. 1845ல அணை கட்ட ஆரம்பிச்சப்போ கல்லு சுமந்தது பெரும்பாலும் ஐரிஷ் கூலிங்க. அயர்லாந்துல உருளைக்கிழங்குப் பயிர் அழுகி பஞ்சம் வந்து 10 லட்சம் பேர் செத்த காலம் அது. உசுரு பொழைக்க ஓடி வந்தவங்களை கத்தோலிக்கன், குடிகாரன்னு பேசுனாங்க. 1860ல பெம்பர்டன் மில் கட்டடம் அப்படியே சரிஞ்சு விழுந்து கிட்டத்தட்ட 100 பேர் செத்தாங்க, அதுலயும் ஐரிஷ்காரங்க நிறைய.

ஐம்பது வருசம் போச்சு. 1912ல அதே ஊர்ல மேயர், போலீஸ்காரங்க, சர்ச் ஃபாதர்னு முக்கால்வாசி ஐரிஷ் வம்சம்தான். மில்லுக்குள்ள கூலி வேலை பாத்தது இத்தாலி, போலந்து, லித்துவேனியா பக்கம் இருந்து புதுசா வந்தவங்க (சிரியாக்காரங்களும் இருந்தாங்க, அவங்க ஐரோப்பா இல்லைன்னாலும் சேத்துச் சொல்றேன்). அந்த வருசம் ஜனவரி 1ல இருந்து பொம்பளைங்க, பிள்ளைங்களுக்கு வாரத்துக்கு 56 மணி நேரத்தை 54 ஆக்கி சட்டம் வந்துச்சு. முதலாளிங்க ரெண்டு மணி நேரக் கூலியைப் புடிச்சிக்கிட்டாங்க. ஒரு வாரத்துக்கு 30 சென்ட் சொச்சம்தான், ஆனா வாங்குறதே வாரம் 9 டாலருக்குக் கீழன்னா அது ரொட்டிக் காசுதானே. ஜனவரி 11ந் தேதி எவரெட் மில்லுல சம்பளக் கவரைப் பிரிச்ச போலந்து பொம்பளைங்க கூலி குறையுதுன்னு கத்திக்கிட்டே தறியை நிறுத்திட்டு வெளிய வந்துட்டாங்க. கொஞ்ச நாள்ல 20,000 பேருக்கு மேல வேலைநிறுத்தம்.

ஆளுக்கொரு பாஷை பேசுற கூட்டம் ரெண்டு நாள் தாங்காதுன்னு நெனச்சிருப்பாங்க. இவங்க என்ன செஞ்சாங்கன்னா ஒவ்வொரு நாட்டுக்காரங்கள்ல இருந்தும் ஆள் எடுத்து கமிட்டி போட்டு, பேசுறதையெல்லாம் அத்தனை பாஷையிலயும் மாத்திச் சொல்லி, மில் வாசல்ல நின்னு மறிக்கக்கூடாதுன்னு சொன்னதும் நிக்காம கையைக் கோத்துக்கிட்டு மில்லைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே இருந்தாங்க! கொட்டுற பனியில இவங்க மேல தண்ணியப் பீய்ச்சி அடிச்சாங்க. பழைய யூனியன்காரங்களும், அதாவது கைத்தொழில் தெரிஞ்ச உள்ளூர் ஆளுங்க சங்கம், இந்த ஸ்ட்ரைக்குக்கு ஆதரவு குடுக்கல. ஊர்ல டைனமைட் கிடைச்சுது, உடனே பழி இத்தாலிக்காரங்க மேல. கடைசில பாத்தா அதை வச்சது பள்ளிக்கூட போர்டுல இருந்த ஒரு ஐரிஷ் வம்சத்துப் பெரிய மனுசன். அவருக்கு தண்டனை வெறும் 500 டாலர் அபராதம்.

சாப்பாட்டுக்கு வழியில்லாம பிள்ளைங்களை நியூயார்க்குக்கு ரயில்ல அனுப்பி தெரிஞ்சவங்க, ஆதரவாளருங்க வீட்டுல விட்டாங்க. கூடப் போன நர்ஸ் மார்கரெட் சாங்கர், கம்பளி நெய்யிற ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஒழுங்கான குளிர் துணி இல்லைன்னு அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) விசாரணையிலயே சொன்னாங்க. பிப்ரவரி 24ல ரயில்வே ஸ்டேஷன்லயே தாய்மாரையும் பிள்ளைங்களையும் போலீஸ் அடிச்சதுதான் நாட்டையே திரும்பிப் பாக்க வச்சது. அதே விசாரணையில கமெல்லா தெயோலின்னு ஒரு இத்தாலியப் பொண்ணு, 14 வயசு, மெஷின்ல முடி மாட்டி தலைத்தோலோட பிஞ்சு போனதைச் சொல்லுச்சு. எங்க அப்பா மில்லுல இருந்தவர், முடியை அள்ளி முடியாம மெஷின் பக்கம் யாரையும் விடமாட்டோம்னு சொல்லுவார், அதனால இதைப் படிக்கவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மார்ச்ல முதலாளிங்க எறங்கி வந்தாங்க. குறைஞ்ச கூலி வாங்குறவங்களுக்குத்தான் கூடுதல் உயர்வு, பக்கத்து ஊர் மில்லுங்களும் பயந்துக்கிட்டு ஏத்திக் குடுத்துச்சு. வெளியாளு வந்தா கூலி குறையும்னு உங்க கட்டுரையில ஒரு வரி இருந்துச்சே, லாரன்ஸ்ல கூலியைக் குறைச்சது முதலாளி, ஏத்த வச்சது வெளியாளு.

இன்னொண்ணையும் விட்டுட்டீங்க. 1907ல இத்தாலியில இருந்து மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல அமெரிக்கா போனாங்க. 1924ல புதுச் சட்டம் போட்டு, இத்தாலி மாதிரி நாட்டுக்காரங்க கம்மியா இருந்த 1890 கணக்கெடுப்பை வேணும்னே எடுத்து, அதுல ஒவ்வொரு நாட்டுக்காரங்களும் எத்தனை பேர் இருந்தாங்களோ அதுல 2 சதவீதம் பேர்தான் வருசத்துக்கு வரலாம்னு வச்சாங்க. இத்தாலிக்கு வருசத்துக்கு 4,000 கூட தேறல. அடுத்த இணைப்புல இந்தச் சட்டம் பத்தியும் எழுதச் சொல்லுங்க, அதுல இந்தியா உட்பட ஆசியாக்காரங்களுக்கு கதவை எப்படிச் சாத்துனாங்கன்னும் சேத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிங்காநல்லூர், கோவை