ஜூரி சம்மன் வந்த மகனுக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

எய்யா,

நேற்று போனில், "ஜூரிக்கு சம்மன் வந்திருக்கும்மா, எப்படியாவது தப்பிக்கணும்" என்று நீ சொன்னதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, போனில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பிக்கப் பார்க்காதே. போ.

குற்றம் சாட்டப்பட்டவருக்காக நான் வக்கீலாக நடத்திய ஒரு கொலை வழக்கைச் சொல்கிறேன். ஆற்றங்கரைக் கிராமம். எழுபது வயது ஆச்சி ஒருத்தி கூண்டில் ஏறினாள். "அந்தப் பய வெட்டிட்டு ஓடுனாம்னு சொன்னாவ" என்றாள். சொன்னாவ. அவள் கண்ணால் பார்க்கவில்லை, அடுத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது புரியும். சாதகமான பதிலை நோண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் குறுக்கு விசாரணையில் அந்த இடத்தை நான் தொடவே இல்லை. ஆனால் தட்டச்சில் "எதிரி வெட்டிவிட்டு ஓடினார்" என்று ஏறியிருந்தது. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். வாசித்துக் காட்டினார்கள். மின்விசிறிச் சத்தத்தில் அவளுக்கு என்ன கேட்டதோ, தலையை ஆட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தாள். நான் அப்போது அடுத்த சாட்சியின் போலீஸ் வாக்குமூலத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆச்சியின் முகத்தைப் பார்த்த நீதிபதி மாறுதலாகிப் போனார். அடுத்து வந்தவரும் போனார். மூன்றாவதாக வந்தவர் வழக்குக் காகிதக் கட்டைப் படித்துத் தீர்ப்பு எழுதினார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். முந்தைய நீதிபதி பதிவு செய்த சாட்சியத்தை வைத்தே அடுத்தவர் முடிவு செய்யலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 326-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1-இல் வந்த புதுச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. காகிதத்தில் 'சொன்னாவ' இல்லை. ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்து அந்த ஆள் விடுதலையாவதற்குள் நாலு வருஷம் போய்விட்டது. அதற்குள் அவர் மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள்.

உன் ஊரில் அப்படி நடக்காது. சாட்சி பேசும்போது எதிரே உட்கார்ந்து பார்க்கிற ஜூரி, அதாவது உன்னைப் போன்ற சாதாரண ஜனங்கள் பன்னிரண்டு பேர்தான் கடைசியில் முடிவு சொல்ல வேண்டும். அந்த இடத்தில் உன்னை உட்காரக் கூப்பிடுகிறார்கள். நீ அதைத் தலைவலி என்கிறாய்.

இங்கேயும் ஜூரி இருந்தது உனக்குத் தெரியுமா? 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை, 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கோடு ஜூரி ஒழிந்தது என்று பலர் சொல்கிறார்கள், சரியில்லை. 1958-லேயே சட்ட ஆணையம் அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் கிரிமினல் வழக்குகளிலிருந்து அடியோடு போனது.

திரும்ப வர வேண்டுமா என்று கேட்டால், நம் ஜில்லாவுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகிற ஊர் இது. வெட்டுக் கேஸில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தால், சாயங்காலத்துக்குள் யார் யார் எந்தத் தெரு என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்துவிடும். அந்தப் பன்னிரண்டு பேரும் ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டும் இல்லையா? அதோடு நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும். அந்தக் காரணத்தைப் பிடித்துத்தான் நான் மேல் கோர்ட்டில் வாதாட முடியும். ஜூரி காரணம் சொல்வதில்லை. இதே நெல்லையில் 1908-இல் பின்ஹே என்ற செஷன்ஸ் நீதிபதி வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்ததை நான் மறக்கவில்லை. ஆனாலும் மாறுதல் மட்டும் இடையில் வராமல், சாட்சியைக் கேட்டவரே தீர்ப்பு எழுதினால் போதும் என்பேன்.

நல்ல நீதிபதிகளையும் பார்த்திருக்கிறேன். ஒருவர், வயசான சாட்சி வந்தால் முதலில் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுக்கச் சொல்வார். சாட்சி தயங்கினால், எந்தக் கேள்விக்குத் தயங்கினார் என்று தன் கைப்பட எழுதி வைப்பார். அவர் கோர்ட்டில் நான் நிறைய தோற்றிருக்கிறேன். ஒரு தடவைகூட மனக்குறையோடு வெளியே வந்ததில்லை.

உள்ளே உட்கார்ந்தால் வக்கீல்களைக் குறைவாகப் பார், சாட்சியை அதிகமாகப் பார். நாங்கள் கேட்கிற கேள்வி சாட்சியம் ஆகாது. பதில்தான் சாட்சியம். "தெரியாது" என்று தயங்காமல் சொல்கிற சாட்சியை நான் நம்புவேன். தட்டச்சு அடித்த மாதிரி தேதி, மணி, நிறம் எல்லாம் ஒப்பிக்கிறவரிடம் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அழுகிறாரா இல்லையா என்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதே. துக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. வேற்று நாட்டிலிருந்து வந்தவர் சாட்சி சொன்னால், அவர் பேச்சில் ஒரு 'சொன்னாவ' இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேள். அந்தப் பன்னிரண்டு பேரில் அது உனக்குத்தான் கேட்கும்.

அப்புறம், ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேள்வி கேட்பார்கள். அம்மா குற்றவியல் வக்கீல் என்பதை மறைக்காமல் சொல். அதனால் வேண்டாம் என்று அனுப்பினால் வீட்டுக்கு வா, வருத்தமில்லை. உன்னை எடுத்துக்கொண்டால், வழக்கு முடியும்வரை யாரிடமும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. என்னிடமும்தான். அதுவரை நான் சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று மட்டும் கேட்பேன். முடிந்த அன்றைக்கு இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் கூப்பிடு. விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா